24 வோல்ட் விளக்கும் அதைக் காக்கும் சுற்றும்

(கரையான்சாவடியில் மின்பணியாளர்கள், பட்டறைக்காரர்கள், பாலிடெக்னிக் மாணவர்கள் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்தச் சந்திப்பிலிருந்து ஒரு சாலை ஆவடிக்குப் போகிறது. டிரங்க் ரோட்டில் மேற்கே போனால் பூந்தமல்லி, அதைத் தாண்டித் திருமழிசைத் தொழிற்பேட்டை. வடகிழக்கே அம்பத்தூர்த் தொழிற்பேட்டை, 1964 முதல் இயங்கிவருகிறது. இந்த வட்டாரத்தில் தொட்டி, பாய்லர், குழாய், கொதிகலன் அறை என்று ஏதாவது ஒன்றுக்குள் இறங்கி வேலை செய்யும் ஒருவராவது இந்த நேரத்தில் இருப்பார். அவர் கையில் ஒரு விளக்கு இருக்கும். இன்றைய பேச்சு அந்த விளக்கைப் பற்றியது.

2025 வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 36ஏ என்றொரு பிரிவு இருந்தது. 1976இல் திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டது. தொட்டி, குழி, குழாய், புகைபோக்கி போன்ற அடைபட்ட இடங்களுக்குள், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல், 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கைப் பயன்படுத்தக் கூடாது என்றது அது. நாலு பக்கமும் இரும்பு, உடம்பெல்லாம் வியர்வை. அந்த இடத்தில் 230 வோல்ட் கசிந்தால் ஆள் பிழைப்பது அரிது. எனவே வெளியே ஒரு டிரான்ஸ்ஃபார்மர், உள்ளே 24 வோல்ட் ஏசி விளக்கு. இந்த ஏற்பாட்டை எல்லாரும் அறிவீர்கள். உங்களில் பலர் அந்த டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றியே பழகியவர்கள்.

ஷாக்கிலிருந்து மனிதரை 24 வோல்ட் காப்பாற்றுகிறது. ஷார்ட் ஆனால் டிரான்ஸ்ஃபார்மரையும் கேபிளையும் யார் காப்பாற்றுவது?

'எம்சிபி இருக்கிறதே' என்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 120 விஏ டிரான்ஸ்ஃபார்மர், 24 வோல்ட், 5 ஆம்பியர். 60 வாட் விளக்கு இரண்டு எரியும். டிரான்ஸ்ஃபார்மரின் உள்தடை 10 சதவீதம் என்று வைத்தால் 0.48 ஓம். விளக்குக்குப் போகும் 10 மீட்டர் கேபிள், 1 சதுர மில்லிமீட்டர் செம்பு. போக வர 20 மீட்டர், ஏறக்குறைய 0.36 ஓம். கேபிளின் கடைசி முனையில், தொட்டிக்குள், உறை நைந்து இரண்டு கம்பியும் ஒட்டிக்கொள்கின்றன. ஓடும் மின்னோட்டம் 24ஐ 0.84ஆல் வகுத்தால் வரும் 28 ஆம்பியர். செகண்டரியில் 28 ஆம்பியர் என்றால் பிரைமரியில் 3 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. பிரைமரியில் நாம் போட்டிருப்பது 6 ஆம்பியர் எம்சிபி. அதைப் பொறுத்தவரை எதுவுமே நடக்கவில்லை. அது விடிய விடிய அப்படியே நிற்கும். டிரான்ஸ்ஃபார்மரோ தன் தகுதியைப்போல ஐந்து மடங்குக்கு மேல் சுமந்து வெந்துகொண்டிருக்கும். கேபிள் உருகும் இடம் தொட்டிக்குள், ஆள் இருக்கும் இடம்.

செகண்டரியில் பியூஸ் போடலாம், போடவும் வேண்டும். அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பியூஸ் ஒருமுறைதான் உழைக்கும். இரண்டாவது முறை அந்த இடத்தில் என்ன கம்பி உட்காருகிறது என்பது நமக்குத் தெரியும். வேலை நிற்கக் கூடாது என்ற அவசரத்தில் கையில் கிடைத்த இழையைத் திருகிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மாற்றத் தேவையே இல்லாத ஒரு காவலை அவர்களுக்குச் செய்து கொடுக்க வேண்டியது நம் வேலை.

ஆகவே நமக்குத் தேவையானது, ஏசி மின்னோட்டத்தை ஒரு வரம்புக்கு மேல் போகவிடாத சுற்று. கூடவே இன்னொரு நிபந்தனை இருக்கிறது, அதுதான் இன்றைய பாடத்தின் உயிர்நாடி. எல்லாம் ஒழுங்காக இருக்கும் நேரத்தில் அந்தச் சுற்று வோல்டேஜைத் தின்னக் கூடாது. 230 வோல்ட்டில் 2 வோல்ட் போனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். 24இல் 2 வோல்ட் போனால் எட்டு சதவீதம் போச்சு.

பாடப்புத்தகத்துச் சுற்றை முதலில் பார்ப்போம். டிரான்சிஸ்டர் ஒரு திசையில்தான் நடத்தும். ஏசியோ நொடிக்கு நூறு தடவை திசை மாறுகிறது. அதனால் ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையரை விளக்குக்கு முன்னால் வரிசையில் வைத்து, அதன் பிளஸ், மைனஸ் முனைகளுக்கு நடுவே டிசி வரம்புச் சுற்றை உட்கார வைப்பார்கள். அழகான யோசனை, வேலையும் செய்யும். ஆனால் எந்த அரைச்சுற்றிலும் இரண்டு டயோடு வழியில் நிற்கின்றன, 5 ஆம்பியரில் சேர்ந்து 1.8 வோல்ட். மின்னோட்டத்தை அளக்கும் தடை 0.6 வோல்ட் கேட்கும். டார்லிங்டன் டிரான்சிஸ்டருக்கு ஒரு வோல்ட்டுக்கு மேல். ஆக மொத்தம் 4 வோல்ட் அளவுக்குப் போய்விடும். 24க்குப் பதில் 20. டங்ஸ்டன் விளக்கின் வெளிச்சம் வோல்டேஜோடு நேர்விகிதத்தில் குறையாது, அதைவிட வெகு வேகமாக விழும். 20 வோல்ட்டில் பாதி வெளிச்சம்தான் மிஞ்சும். கூடவே பெட்டிக்குள் 20 வாட் அளவுக்கு வீண் சூடு. இருட்டுத் தொட்டிக்குள் வெல்டு தையலைச் சோதிப்பவருக்குப் பாதி வெளிச்சம் கொடுத்துவிட்டுப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பாது.

டிரையாக் போட்டால்? 1.5 வோல்ட்டோடு முடியும். ஆனால் ஒருமுறை நடத்தத் தொடங்கிய டிரையாக், மின்னோட்டம் பூஜ்யத்துக்கு வரும்வரை நிற்காது. 50 ஹெர்ட்ஸில் அது 10 மில்லிநொடி வரை போகலாம். அந்த அரைச்சுற்றை அதனால் தடுக்க முடியாது.

பாலிஃபியூஸ் என்று சென்னை ரிச்சி தெருக் கடைகளில் கேட்டு வாங்குகிறோமே, சூடேறினால் தடை எகிறும் பொருள், அதை ஒதுக்கிவிட வேண்டாம். வழியில் அது தின்பது பெரும்பாலும் 0.1, 0.2 வோல்ட்தான். ஒரே ஒரு எல்இடி கைவிளக்கு, ஓர் ஆம்பியருக்கும் குறைவு என்றால் அதுவே போதும், மேற்கொண்டு சுற்றே வேண்டாம். அதன் குறை இரண்டு. ஒன்று, நொடிக்கணக்கில் யோசித்துத்தான் செயல்படும். மற்றொன்று நம் ஊர் வெயில். தகரக் கூரைக்குக் கீழே, மூடிய பெட்டிக்குள் மே மாதத்தில் 60 டிகிரி சாதாரணம். அந்தச் சூட்டில் அதன் தாங்கு மின்னோட்டம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். 5 ஆம்பியர் என்று வாங்கியது மூன்றரையில் மூடிக்கொள்ளும். அதை ஈடுகட்டப் பெரியதாக வாங்கினால் மார்கழி இரவில் காவல் தளர்ந்துவிடும்.

இப்போது நம் பட்டறைகளில் பல காலமாக இருக்கும் ஒரு சுற்றைப் பார்ப்போம். பழுது பார்த்த ரேடியோவையோ டிவியையோ முதல்முறை போடும்போது நேரடியாக மெயினில் மாட்ட மாட்டோம். 100 வாட் குண்டு பல்பை வரிசையில் வைத்துத்தான் மாட்டுவோம். சீரீஸ் லேம்ப். அது ஏன் அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது? 230 வோல்ட்டில் பிரகாசமாக எரியும் 100 வாட் பல்பின் தடை 529 ஓம். குளிர்ந்த நிலையில் அதே இழையின் தடை 40 ஓம் அளவுதான். குறைவாக மின்னோட்டம் போகும்போது வழிவிடுகிறது, ஷார்ட் ஆனால் பத்து மடங்குக்கு மேல் தடையை உயர்த்தி 0.43 ஆம்பியரில் நிறுத்திவிடுகிறது. சூட்டைத் தானே சுமக்கிறது. எரிந்து காட்டிச் செய்தியும் சொல்கிறது. இந்த உத்திக்கு வயது அதிகம். வால்தர் நெர்ன்ஸ்ட் 1897இல் செய்த விளக்கின் பீங்கான் தண்டு, சூடேறச் சூடேற மேலும் மேலும் மின்னோட்டம் இழுக்கும் குணம் கொண்டது. அதை அடக்க ஹைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிக் குழாய்க்குள் ஓர் இரும்புக் கம்பியை வரிசையில் வைத்தார்கள். பிறகு வால்வு ரேடியோக்களிலும் அதே வகைக் குழாய் இடம்பிடித்தது. டங்ஸ்டன் ஆனாலும் இரும்பு ஆனாலும், சூட்டைக் கண்டு தடையை உயர்த்தும் உலோகத்தின் இயல்புதான் அங்கே உழைக்கிறது. 2015இல் உஜாலா திட்டம் வந்து எல்இடி பரவிய பிறகு குண்டு பல்பு கடைகளில் அரிதாகிவிட்டது. கையில் இருப்பதைப் பத்திரப்படுத்துங்கள், எல்இடி பல்பு இந்த வேலையைச் செய்யாது.

ஆனால் சீரீஸ் லேம்பைப் பாதையில் நிரந்தரமாக வைக்க முடியாது. 5 ஆம்பியர் ஓடும் பாதையில் அது வோல்டேஜ் முழுவதையும் விழுங்கிவிடும். அதற்கு உலகம் கண்ட வழி ஒன்று உண்டு. 1955இல் ஜெர்மனியின் காலோர் எமாக் நிறுவனம் துணைமின் நிலையங்களுக்காக ஒரு கருவி செய்தது. பிற்காலத்தில் ஏபிபி நிறுவனம் அதைத் தயாரித்தது. அதில் முக்கிய மின்னோட்டம் ஒரு தடித்த செம்புக் கடத்தி வழியே போகும், இழப்பு இல்லை என்றே சொல்லலாம். ஷார்ட் வருவது தெரிந்ததும் சின்ன வெடிமருந்து அந்தக் கடத்தியை உடைத்துவிடும். பக்கத்தில் இணையாகக் காத்திருக்கும் பியூஸுக்குள் மின்னோட்டம் பாய்ந்து, அங்கே அடங்கும். எல்லாம் ஒரு மில்லிநொடிக்குள். டிரங்க் ரோட்டில் மெட்ரோ வேலைக்காக நேர்வழியை அடைத்துப் பக்கத்து வழியில் வண்டிகளைத் திருப்பிவிட்டார்களே, அந்த ஏற்பாடுதான். நேர்வழி அகலமாக இருக்கட்டும், மாற்றுவழி கரடுமுரடாக இருக்கட்டும், அடைக்கும் வேலை மட்டும் உடனே நடக்கட்டும். உங்கள் பட்டறை ஏசி டிரைவுக்குள் கெப்பாசிட்டர் நிரம்பும்வரை ஒரு தடை, பிறகு அதை ஷார்ட் செய்து ஒதுக்கும் ரிலே. மோட்டார் சாஃப்ட் ஸ்டார்ட்டரில் ஓட்டம் பிடித்ததும் மூடிக்கொள்ளும் பைபாஸ் கான்டாக்டர். யோசனை ஒன்றேதான். 1996இல் சுவிட்சர்லாந்தின் லோன்ட்ஷ் நீர்மின் நிலையத்தில் ஏபிபி மீக்கடத்தியை வைத்து ஒரு வரம்புக்கருவியை நிறுவியது. அங்கே பொருளின் இயல்பே இரண்டு வழியாகவும் இருந்தது. குளிரில் தடை இல்லை, வரம்பு மீறினால் தடை எழும்.

நம் 24 வோல்ட் பெட்டிக்கு வருகிறேன். நேர்வழிக்கு இரண்டு மாஸ்ஃபெட், மாற்றுவழிக்கு ஒரு குண்டு பல்பு.

ஏன் இரண்டு மாஸ்ஃபெட்? ஒவ்வொரு மாஸ்ஃபெட்டுக்குள்ளும் ஓர் உடன்பிறந்த டயோடு இருக்கிறது. நாம் அணைத்தாலும் அது ஒரு திசையில் நடத்திக்கொண்டே இருக்கும். இரண்டு மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் முனைகளைச் சேர்த்து எதிரெதிராக நிறுத்தினால் ஒன்றின் டயோடை மற்றொன்று மறிக்கும். இரண்டின் கேட்டுக்கும் 12 வோல்ட் கொடுத்தால் இரண்டு திசையிலும் சேனல் வழியாகவே மின்னோட்டம் போகும், டயோடுக்கு வேலையே இல்லை. 100 வோல்ட் தாங்கும், 10 மில்லிஓம் அளவுள்ள மாஸ்ஃபெட் இரண்டு என்றால் 20 மில்லிஓம். 5 ஆம்பியரில் 0.1 வோல்ட். 4 வோல்ட் எங்கே, 0.1 வோல்ட் எங்கே! எளிதில் கிடைக்கும் ஐஆர்எஃப் 540என் போட்டால் 44 மில்லிஓம் வீதம் 0.44 வோல்ட் ஆகும். சூடான பின் இந்த எண் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறும், அதற்கும் இடம் விட்டு வாங்குங்கள். கொஞ்சம் கூடக் கொடுத்து நல்லதாகவே வாங்குவது என் பரிந்துரை.

அளப்பதற்கு ஏசிஎஸ் 712 என்னும் ஹால் சென்சார், 20 ஆம்பியர் வகை. பாதையில் அது வைக்கும் தடை 1.2 மில்லிஓம், 5 ஆம்பியரில் 6 மில்லிவோல்ட். மின்னோட்டம் இல்லாதபோது 2.5 வோல்ட் காட்டும். ஓர் ஆம்பியருக்கு 100 மில்லிவோல்ட் மேலேயோ கீழேயோ போகும். அளக்கும் பாதைக்கும் வெளியீட்டுக்கும் மின்தொடர்பு இல்லாததால், கட்டுப்பாட்டுப் பகுதி முழுவதையும் மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் முனையோடு சேர்த்தே மிதக்கவிடலாம். ஆப்டோகப்ளர் தேவையில்லை. கட்டுப்பாட்டுப் பகுதிக்கு மட்டும் டிரான்ஸ்ஃபார்மரில் 15 வோல்ட் தனி வைண்டிங் ஒன்று சுற்றிவிடுங்கள். வைண்டிங் போடும் ஊரில் இருந்துகொண்டு இதற்குத் தயங்க வேண்டாம். 7812, 7805 இரண்டும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

வரம்பு எங்கே? விளக்கு இழுப்பது 5 ஆம்பியர் என்றால் அலையின் உச்சியில் 7 ஆம்பியர். பல்புகளில் சிறு வேறுபாடு இருக்கும், அதற்கும் இடம் வேண்டும். உச்ச அளவில் 15 ஆம்பியர் வைக்கிறேன். தொட்டிக்குள் ஷார்ட் ஆனால் உச்சி 40 ஆம்பியர் வரை போகும், ஆகவே குழப்பம் வராது. 15 ஆம்பியர் என்றால் சென்சார் 4 வோல்ட் அல்லது 1 வோல்ட் காட்டும். எல்எம் 393இன் இரு கம்பேரட்டர்கள் அந்த இரு எல்லையையும் காவல் காக்கட்டும். அந்த ஐசிக்கு 5 வோல்ட் கொடுக்காதீர்கள், 12 கொடுங்கள். 5 வோல்ட் கொடுத்தால் 3.5க்கு மேலுள்ள உள்ளீட்டை அது நம்பகமாகப் படிக்காது. பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். கம்பேரட்டர் கீழே இழுத்ததும் 555 விழிக்கும். 100 கிலோஓம், 10 மைக்ரோஃபாரட் வைத்தால் ஒரு நொடிக்குச் சற்று அதிகமாக அது ஒரு டிரான்சிஸ்டரை நடத்தி இரண்டு கேட்டையும் தரையில் பிடித்து வைக்கும். பிறகு விடும். பழுது நீங்கியிருந்தால் வெளிச்சம் திரும்பும். இல்லையென்றால் ஒரு மில்லிநொடி அளவில் மறுபடி மூடும். சென்சாரின் இரைச்சலை வடிகட்ட 1 கிலோஓம், 10 நானோஃபாரட் போதும்.

மாஸ்ஃபெட்டையே அரைகுறையாகத் திறந்து வைத்து 15 ஆம்பியரில் பிடித்து நிறுத்தலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. ஷார்ட் எங்கே என்பதைப் பொறுத்து 150 முதல் 220 வாட் சூடு அந்த இரண்டு சில்லுகள் மேல் விழும். பெரிய ஹீட் சிங்க் போட்டாலும் ஆபத்து தீராது. சுவிட்சாக உழைக்கப் பிறந்த மாஸ்ஃபெட்டுக்கு நடுநிலை ஒத்துக்கொள்ளாது. உள்ளே ஒரு புள்ளி சற்றுக் கூடுதலாகச் சூடேறினால் அங்கேயே மேலும் மின்னோட்டம் குவிந்து துளை விழும். ஆகவே முழுதாகத் திற, அல்லது முழுதாக மூடு.

இனி மாஸ்ஃபெட் இணைக்கு இணையாக மாட்டிய காவல் விளக்கு, அதே 24 வோல்ட் 60 வாட் பல்பு. எல்லாம் ஒழுங்காக இருக்கையில் அதன் இரு முனைக்கும் நடுவே 0.1 வோல்ட்தான், எரியாது. ஷார்ட் ஆகி மாஸ்ஃபெட் மூடியதும் மின்னோட்டம் அதற்குள் திரும்பும், அது பெட்டியின் மேல் பளிச்சென்று எரியும், பாதையில் 2.3 ஆம்பியர் மட்டும் ஓடும். 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மருக்கு அது சுமையே இல்லை. வெளியே நிற்கும் உதவியாளருக்குத் தொட்டிக்குள் ஏதோ நேர்ந்துவிட்டது என்பது தெரிந்துவிடும். மாஸ்ஃபெட் சட்டென மூடும்போது டிரான்ஸ்ஃபார்மரின் சுருளிலிருந்து ஒரு வோல்டேஜ் உதை வருமே, அதையும் அந்தக் குளிர்ந்த இழை வாங்கிக்கொள்ளும். குளிரில் அதன் தடை ஓர் ஓமுக்கும் குறைவு. இருந்தாலும் இணையாக ஓர் இருதிசை டிவிஎஸ் டயோடு போடச் சொல்வேன், பல்பு என்றாவது ஒருநாள் பியூஸ் போகும்.

இன்னொரு பயன், எனக்கு மிகவும் பிடித்தது. கைவிளக்கின் இழைகளும் குளிரில் ஷார்ட் போலவே இருக்கும். சுவிட்சைப் போட்டதும் வரம்பு மீறும், மாஸ்ஃபெட் மூடும். காவல் விளக்கு இல்லாத வெறும் சுற்றாக இருந்தால் திறந்து மூடித் திறந்து மூடி, விளக்கு எரியவே எரியாது. காவல் விளக்கு வழியே அந்த ஒரு நொடியில் 2 ஆம்பியருக்கு மேல் ஓடி, கைவிளக்கின் இழைகளை வெதுவெதுப்பாக்கிவிடும். அவற்றின் தடை நாலு மடங்காகும். அடுத்த முறை மாஸ்ஃபெட் திறக்கும்போது விளக்கு எரிந்து நிற்கும்.

எல்இடி கைவிளக்குக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. உள்ளே ரெக்டிஃபையரும் கெப்பாசிட்டரும் இருப்பதால், மின்னோட்டம் அலையின் உச்சியில் மட்டும் ஊசிபோல எழும். சராசரியைப் போல மூன்று நான்கு மடங்கு. மீட்டரை நம்பாமல் ஆஸிலாஸ்கோப்பில் பார்த்து வரம்பை வையுங்கள்.

வெட்டுவதற்குப் பதில் வரம்பில் நிறுத்துவது என்ற எண்ணம் பட்டறைக்கு வெளியேயும் பெரியது. 2012இல் தமிழ்நாடு பட்ட மின்வெட்டு நினைவிருக்கும். சென்னையில் இரண்டு மணி நேரம், வெளி மாவட்டங்களில் பாதி நாளுக்கும் மேல். அதையொட்டிய ஆண்டுகளில் சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் முன்வைத்த ஏற்பாடு, பற்றாக்குறை நேரத்தில் ஃபீடரை அணைக்காமல் வோல்டேஜை இறக்கி, ஒவ்வொரு வீட்டுக்கும் 48 வோல்ட் டிசியில் 100 வாட் மட்டும் விடுவது. ஒரு மின்விசிறி, இரண்டு விளக்கு, போன் சார்ஜர் ஓடும். எல்லாருக்கும் கொஞ்சம் கிடைக்க வேண்டுமென்றால் எவரும் வரம்பைத் தாண்டாதபடி வீட்டு வாசலில் ஒரு கருவி நின்றாக வேண்டும். இருட்டில் கிடந்த குடும்பங்களை நினைத்தால், இந்தத் துறையில் உழைப்பது எவ்வளவு மதிப்பான வேலை என்று எனக்குத் தோன்றும்.

செய்து பார்க்கப் போகிறவர்களுக்குச் சோதனை முறை. முதலில் காவல் விளக்கை மட்டும் மாட்டி, மாஸ்ஃபெட் இல்லாமல், வெளி முனையை ஷார்ட் செய்யுங்கள். விளக்கு எரிய வேண்டும், மின்னோட்டம் இரண்டரைக்குள் இருக்க வேண்டும். அடுத்து மாஸ்ஃபெட்டை மாட்டி, டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் 100 வாட் சீரீஸ் லேம்ப் வைத்து இயக்குங்கள். பிழை இருந்தால் அங்கேயே தெரியும். பிறகுதான் முழு மின்சாரம், முழு 10 மீட்டர் கேபிள், அதன் கடைசி முனையில் ஷார்ட். ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு டிரான்ஸ்ஃபார்மரைத் தொட்டுப் பாருங்கள். செகண்டரி பியூஸை எடுத்துவிடாதீர்கள். மாஸ்ஃபெட் கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும், அன்றைக்கு அந்தப் பியூஸ்தான் மிஞ்சிய காவல்.

இதே சுற்றை 230 வோல்ட்டுக்கு அப்படியே பெரிதாக்கலாமா என்று கேட்கத் தோன்றும். வேண்டாம். அங்கே உச்சி 325 வோல்ட், கட்டுப்பாட்டுப் பகுதி முழுவதும் மெயினோடு மிதக்கும், ஆஸிலாஸ்கோப்பின் எர்த் கிளிப்பை வைத்தாலே வெடிக்கும். ஒரு நொடிக்கு ஒருமுறை தானாகத் திரும்பி வரும் வழக்கமும் 24 வோல்ட்டில்தான் ஏற்கத்தக்கது. 230இல் ஒருவர் பழுதைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் திரும்பக் கூடாது. அங்கே மூடியது மூடியபடியே இருக்க வேண்டும். மனிதர் ஒருவர் வந்து, பார்த்து, சுவிட்சை அழுத்திய பிறகுதான் திறக்க வேண்டும்.

சுற்றின் படத்தைப் பலகையில் வரைந்திருக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். கேள்விகளுக்குப் போகலாம்.